கீழே வீடு கிடையாது

அக்டோபர் 6, திங்கள்

பால் வாங்கப் போன இடத்தில் இன்றைக்கும் ஒருவர் கேட்டுவிட்டார். “ஏக்கா, கட்டடத்த மேல தூக்கி நிறுத்திட்டு அடியில வெறுமனப் போட்டிருக்கியளே, மாடு கட்டவா?” மாடு கட்டினாலும் கட்டுவேன், மனுஷரைப் படுக்க வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். பால்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மருதங்காலில் மேட்டு மனையெல்லாம் எங்களைப் போன்றவர்கள் விலை கேட்கவே கூசும்படி ஆகிவிட்டது. எங்கள் முதியோர் குடியிருப்புச் சங்கத்துக்கு வாய்த்தது வாய்க்காலை ஒட்டிய இந்தப் பள்ளம்தான். வாடகைக்கு இருந்தவர்கள், பிள்ளைகள் வெளியூரில் இருப்பவர்கள், வெள்ளத்துக்குப் பிறகு ‘வயசானவங்களுக்கு வீடு விடுறதில்ல’ என்று முகத்துக்கு நேரே சொல்லப்பட்டவர்கள் என்று பதினாலு வீட்டுக்காரர்கள். பாதிக்கு மேல் என்னைப் போலக் கைம்பெண்கள். ஊருக்கு வெளியே பொட்டலில் வீடு தருகிறோம், அங்கே தண்ணீரே வராது என்று சிலர் ஆசை காட்டினார்கள். தண்ணீர் வராது, சரி. பஸ்ஸும் வராது, டாக்டரும் வரமாட்டார். அங்கே போய்ப் பத்திரமாகச் சாவதற்கு எனக்கு இஷ்டமில்லை.

ஆகவே இங்கேதான். கீழே தூண் மட்டும். முதல் மாடியிலும் இரண்டாம் மாடியிலும் வீடுகள். மேலே ஏறப் படி தவிர, கட்டிலையே உருட்டிக்கொண்டு போகிற அகலத்தில் ஒரு சாய்தளம். வரைபடத்தில் அப்படித்தான் இருக்கிறது. சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் நான் கையெழுத்துப் போட்டதும் அதில்தான்.

வெள்ளம் வந்து ரெண்டு வருஷம் ஆகப்போகிறது. அவர் போனதும் அப்போதுதான். வயசாகிப் போய்ச் சேர்ந்தார் என்று ஊரில் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்கிறேன்.

அக்டோபர் 9, வியாழன்

ஜல்லி லாரி வரவில்லை. மழையும் வரவில்லை. கத்தரிச் செடி வாடிவிட்டது.

அக்டோபர் 14, செவ்வாய்

சாராளோடு சண்டை. அடுத்த வீட்டுக்காரி, முப்பது வருஷச் சிநேகிதம். நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த காலத்தில் அவள் அதே தெருவில் தையல் மிஷின் போட்டிருந்தாள். மிதித்து மிதித்து இப்போது ரெண்டு முழங்காலும் போய்விட்டது. சர்ச்சுக்குப் போனால்கூட நாற்காலியில் உட்கார்ந்தபடிதான் ஜெபம்.

“வடிவு, எனக்குக் கீழ ஒரு வீடு கட்டிக் குடுத்தா ஒனக்கு என்ன கொறஞ்சு போவும்? மச்சுல ஏற என்னால ஆவாதுன்னு ஒனக்குத் தெரியுமா தெரியாதா?”

சாய்தளம் வருகிறது, நீ ஏறவே வேண்டாம், நடந்துபோகலாம் என்றேன்.

“வருது வருதுன்னு காயிதத்துலதான வருது. வெள்ளம் என்ன வருசா வருசமா வருது? ஒரு நா தண்ணிக்குப் பயந்து மிச்ச நாளெல்லாம் நான் கால் வலிச்சுச் சாவணுமா?”

‘கீழ வீடு கெடையாது’ என்று மட்டும் சொல்லிவிட்டு வந்து, வந்த கோபத்தில் ஒரு பானைச் சோறு அதிகமாக வடித்துவிட்டேன். ராத்திரிக்கும் நாளைக்கும் பழையதுதான்.

அக்டோபர் 20, தீபாவளி

மகன் ஓசூரிலிருந்து கூப்பிட்டான். வழக்கம் போல, ‘எம்மா, அங்க கெடந்து யார்கிட்ட மல்லுக்கட்டுதிய? இங்க வந்துருங்க’ என்றான். அவன் வீடு ஒன்பதாவது மாடியில். ஜன்னலைத் திறந்தால் இன்னொரு வீட்டு ஜன்னல். கட்டிடம் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்றேன். அடுத்து அவன் கேட்டது எதிர்பாராதது.

“எம்மா, அப்பா அன்னைக்குத் தூக்கத்துலதான போனாவ?”

“ஆமா” என்றேன்.

பேரனுக்கு என்ன பட்டாசு வாங்கினாய் என்று கேட்டேன். சொன்னான். இந்த வருஷம் அதிரசம் சரியாக வரவில்லை, பாகு முற்றிவிட்டது.

நவம்பர் 3, திங்கள்

பொன்னுலிங்கம் கட்டிடத்தைப் பார்க்க வந்தான். வாழைக்காய் மண்டி வைத்திருக்கிறான். சிமெண்டும் கம்பியும் பாதிக்கு மேல் அவன் உபயம், அதை மறுக்க முடியாது. அவன் அம்மை எழுந்து நடமாட முடியாமல் படுத்திருக்கிறாள், அவள் பேரில் ஒரு தர்மம் செய்ய வேண்டும் என்பது அவன் ஆசை. ஆசையில் தப்பில்லை. ஆனால் தூண்களுக்கு நடுவில் நடந்து நடந்து பார்த்துவிட்டு, “இவ்வளவு எடத்தையும் காத்துக்கு விட்டிருக்கியளே அக்கா” என்றான். கீழே ஆறு வீடும் நடுவில் அம்மை பேரில் ஒரு கூடமும் கட்டிவிடலாமாம். சாய்தளம் வருகிற இடத்தில்தான் முதல் வீடு. “படி இருக்குல்லா, ராம்ப்பு எதுக்கு? ஏற முடியாதவுக கீழ இருந்துட்டுப் போறாவ. எல்லாருக்கும் சவுரியம்.”

எங்கள் தலைவர் தளவாய் அண்ணாச்சி தலையை ஆட்டிக்கொண்டே நின்றார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அத்தனை வருஷம் வளைவிலெல்லாம் ஹாரன் அடித்தவர், தேவையான இடத்தில் வாயைத் திறக்க மாட்டார்.

“தண்ணி வந்தா?” என்றேன்.

“வந்தா மேல தூக்கிட்டுப் போயிரலாம்க்கா. எங்கம்மைய நாங்க தூக்கலயா?”

தூக்கினார்கள். மண்டியில் சுமை தூக்குகிற ஆட்கள் இருந்தார்கள், தூக்கினார்கள். வாழைத்தார் தூக்குகிற தோள் எல்லார் வீட்டிலும் இருக்கிறதா என்று கேட்க வாய் வரை வந்தது. சிமெண்டை நினைத்து விழுங்கினேன். விழுங்கியது இப்போது வரை உள்ளே இறங்கவில்லை. முடியாது என்று மட்டும் சொன்னேன். அப்படியானால் டிசம்பர் ஏழாம் தேதி பொதுக்குழுவில் ஓட்டுக்கு விடலாம் என்றார் அண்ணாச்சி. அவருக்கு வாய் இருப்பது அப்போதுதான் தெரிந்தது.

நவம்பர் 11, செவ்வாய்

ஐப்பசி முடியப்போகிறது. ஆற்றில் மணல் தெரிகிறது. ஊரில் இதையே சொல்லிக் காட்டுகிறார்கள்: வடிவு அக்கா தூண் நட்ட முகூர்த்தம், மழையே ஓடிப்போச்சு.

இன்று மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனவள், கிழக்கே கறுத்த மேகத்தைப் பார்த்து, வா என்று நினைத்தேன். ஒரு தடவை வந்து இவர்களுக்குக் காட்டிவிட்டுப் போ என்று நினைத்தேன். நான். அந்தத் தண்ணீரை. துணியை மடிக்காமல் அப்படியே கட்டிலில் போட்டுவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது. மேகம் கலைந்துபோயிற்று.

நவம்பர் 24, திங்கள்

நாளை மறுநாள் திருநெல்வேலியில் கண் ஆப்பரேஷன். சாராள் துணைக்கு வருகிறாள். அவளாகவே வருகிறேன் என்றாள். பெரிய மனசு, நான்தான் கொஞ்ச நாளாக வெடுவெடு என்று இருக்கிறேன். போகும்போது அவளுக்கு இருட்டுக்கடை அல்வா வாங்கிக்கொடுக்க வேண்டும்.

நவம்பர் 28, வெள்ளி

ஒரு கண்ணில் கட்டு. எழுத்து கோணிக்கொண்டு போகிறது. சாராள் சரியாகப் பேசவில்லை. கால் வலி போலிருக்கிறது.

நவம்பர் 30, ஞாயிறு

நிலை வைத்துவிட்டார்கள்.

நான் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த அன்று, முகூர்த்த நாளாகப் பார்த்து, தரைத் தளத்தில், சாய்தளம் தொடங்க வேண்டிய சரியான இடத்தில் தேக்கு வாசல் நிலை ஒன்றை நிறுத்தி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாவிலை கட்டி, தேங்காய் உடைத்து, நவதானியம் போட்டு... எல்லாம் முடிந்துவிட்டது. பக்கச் சுவர் தோள் உயரம் வந்துவிட்டது. பொன்னுலிங்கம் வாழை வியாபாரி, எதை எப்போது வெட்ட வேண்டும் என்று தெரிந்தவன். வெறும் சுவராக இருந்தால் நான் இடிக்கச் சொல்வேன். பூஜை போட்டு வைத்த நிலையைப் பிடுங்க இந்த ஊரில் எவனும் கை வைக்க மாட்டான். குடும்பத்துக்கு ஆகாது. மார்கழி பிறந்தால் நிலை வைக்க மாட்டார்கள் என்பதால் அவசரம் என்றும் ஒரு காரணம் சொல்லிக்கொள்ளலாம்.

இன்னொன்றும் கேள்விப்பட்டேன். மஞ்சள் பூசுவதற்கு அவன் சொந்தத்திலிருந்து சுமங்கலிகளை வேனில் கூட்டி வந்தானாம். குடியிருக்கப் போகிற பெண்களில் ஒருத்திக்குக்கூடச் சொல்லவில்லை. எங்கள் கை படக் கூடாதாம். எங்கள் வீடு, எங்கள் வாசல், எங்கள் கை ஆகாது.

கண்ணைக் கசக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கசக்கவில்லை. அழவும் இல்லை. கொதித்துக்கொண்டு வருகிறது.

டிசம்பர் 2, செவ்வாய்

மேஸ்திரி மிக்கேலைப் பிடித்து நிறுத்திக் கேட்டேன். நல்ல வேலைக்காரன், வேதக்காரன்.

“நீ சர்ச்சுக்குப் போறவன்தான? ஒனக்கென்ன முகூர்த்தம், நெலை?”

“எந்த வேதமா இருந்தாலும் நெலை நெலைதான்க்கா. வச்சத எடுக்க என் கை வராது. வேற ஆளப் பாத்துக்கோங்க.”

“வரைபடத்துல இங்க சாய்தளம்லா இருக்கு?”

“தலைவரு சொன்னாவ, செஞ்சேன். சாராளக்காவுக்கும் தெரியும்னு சொன்னாவளே.”

சாராள் வீட்டுக்குப் போனேன். கதவு திறந்துதான் இருந்தது. முழங்காலில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையை எடுக்கவில்லை, தலையையும் தூக்கவில்லை.

“ஆமா, தெரியும். என்னய ஒங்கூட இருக்கச் சொன்னதே அதுக்குத்தான். அந்த மொத வீடு எனக்குன்னு சொல்லிருக்காவ. நீ மேல மேலன்னு நிக்க. எனக்குத் தரையில கால் ஊணிச் சாவணும் வடிவு. அவ்வளவுதான்.”

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். முப்பது வருஷத்தில் அவளிடம் நான் சண்டை போடாமல் திரும்பி வந்தது இதுவே முதல் தடவை.

டிசம்பர் 5, வெள்ளி

ஓட்டு நிச்சயமாகத் தோற்கும். யார் யார் என்ன சொல்வார்கள் என்று எனக்கே தெரியும். ராஜினாமா எழுதிப் பார்த்தேன். கிழித்துப் போட்டேன். தோற்றால் தோற்கிறேன், நானாக விலகிப்போய் அவர்களுக்கு வழிவிட மாட்டேன்.

மத்தியானம் தளவாய் அண்ணாச்சி வீட்டுக்குப் போய் அவருடைய பழைய மரக்கட்டிலை ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் கடனாகக் கேட்டேன். எதற்கு என்று கேட்டார். கூட்டத்தில் எனக்கு உட்கார வேண்டும், கண் ஆப்பரேஷன் ஆன உடம்பு என்றேன். பாவம், உடனே சரி என்றுவிட்டார்.

டிசம்பர் 7, ஞாயிறு

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

காலையிலேயே மிக்கேலின் ஆட்களை வைத்துக் கட்டிலைக் கழற்றி, அந்தப் புது அறைக்குள் கொண்டுபோய் மாட்டினேன். எல்லார் வீட்டிலும் கட்டில் அப்படித்தான் உள்ளே போகிறது. கால் தனி, சட்டம் தனி, பலகை தனி. உள்ளே போனபின் முழுசாக வெளியே வர வேண்டியிருக்கும் என்று யாரும் யோசிப்பதில்லை. சுவர் விட்டம் வரை வந்துவிட்டது. தலைக்கு மேல் மாடித் தளம். பார்க்க முழு அறையாகவே இருந்தது.

பத்து மணிக்கு எல்லாரும் வந்தார்கள். தூண்களுக்கு நடுவில் நாற்காலி. பொன்னுலிங்கம் முன் வரிசையில். அண்ணாச்சி எழுந்து தீர்மானத்தை வாசித்தார். செயலாளர் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். சொல்ல ஒன்றுமில்லை, ஒரே ஒரு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அறைக்குள் போய்க் கட்டிலில் மல்லாந்து படுத்துக்கொண்டேன்.

“நான் படுக்கையில கெடக்கேன்னு வச்சுக்கோங்க. வாய்க்கால் ஒடைஞ்சுட்டு. என்னைய மேல கொண்டு போங்க.”

சிரித்தார்கள். ‘வடிவக்காவுக்கு என்ன கிறுக்கு’ என்று யாரோ சொன்னது கேட்டது. பொன்னுலிங்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, “அவ்வளவுதான, தூக்குனாப் போச்சு” என்று வந்தான். தலைமாட்டில் அவன், கால்மாட்டில் மிக்கேல், பக்கத்துக்கு ஒரு ஆள். சுளுவாகத்தான் தூக்கினார்கள். நிலை வரை சுளுவாகத்தான் வந்தது.

நிலையில் கட்டில் நுழையவில்லை. பக்கத்தில் நின்ற ஆட்கள் விலகினால் கட்டில் சாய்கிறது. விலகாவிட்டால் கட்டிலும் ஆட்களும் சேர்ந்து வாசலுக்குள் அடங்கவில்லை. முன்னே தள்ளினார்கள், பின்னே இழுத்தார்கள். கால்மாட்டுக் கட்டை ரெண்டு பக்கமும் நிலைக்குள் இறுகிக்கொண்டது. அதற்கப்புறம் கட்டிலைத் தாண்டாமல் உள்ளே இருப்பவர் வெளியே வர முடியாது, வெளியே இருப்பவர் உள்ளே வர முடியாது. சிரிப்புச் சத்தம் நின்றிருந்தது.

“அக்கா, ஒரு நிமிசம் எறங்கிக்கோங்க. கட்டிலச் சாச்சு எடுத்துட்டா வந்துரும்” என்றான் பொன்னுலிங்கம்.

“அவுகளால எறங்க முடியாது” என்றேன்.

என்னால் என்று சொல்லத்தான் நினைத்தேன். அவுகளால் என்று வந்துவிட்டது. வந்தபின் நிறுத்த முடியவில்லை. மாடித் தளத்தைப் பார்த்துக்கொண்டே படுத்த வாக்கில் சொன்னேன். வெள்ளம் வந்த அன்று காலையில் காப்பி போட எழுந்தபோது அடுக்களையில் கணுக்கால் தண்ணீர். சத்தம் போட்டதும் எதிர்வீட்டிலிருந்து ரெண்டு பேர் ஓடிவந்தார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு வாதம் வந்து விழுந்த உடம்பு, கனம், கட்டிலோடு தூக்கலாம் என்று நான்தான் சொன்னேன். கட்டில் நிலையில் இப்படித்தான் இறுகிக்கொண்டது. ஆள் கூட்டி வருகிறோம் என்று தாண்டிக் குதித்துப் போனார்கள். அதற்குள் தெருவில் தண்ணீரின் இழுப்பு பலமாகிவிட்டது. அவர்களால் திரும்ப முடியவில்லை. நான் அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். மடிக்கு மேல் தண்ணீர் வந்தது. நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தேன். எவ்வளவு உயரம் ஒரு ஆளைத் தூக்கிப் பிடிக்க முடியுமோ அவ்வளவு பிடித்தேன்.

“வயசாகிப் போவல” என்றேன். “தூக்கத்துலயும் போவல. என்னையப் பாத்துக்கிட்டேதான் போனாவ.”

பொன்னுலிங்கம் கட்டிலைக் கீழே வைக்கவில்லை. தலைமாட்டைப் பிடித்தபடியே நின்றான்.

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. சாராள்.

“மிக்கேலு, கடப்பாரை எங்க?”

“அக்கா, வச்ச நெலைய எடுத்தா ஆவாதுக்கா. நான் தொட மாட்டேன்.”

“நீ தொட வேண்டாம். வைக்கிறப்ப எங்களக் கூப்பிடல. எடுக்கிறதுக்காவது நாங்க இருக்கோம்.”

அவளால் குனிய முடியாது. நின்றபடியே கடப்பாரையைச் செங்கலுக்கும் நிலைக்கும் நடுவில் கொடுத்து நெம்பினாள். இன்னொருத்தி வந்து பிடித்தாள். பிறகு இன்னொருத்தி. ஈரம் காயாத பூச்சு, பொலபொலவென்று உதிர்ந்தது. நான் இறங்கிப் போய்ச் சேர்ந்துகொண்டேன். தீர்மானத்துக்குக் கை தூக்கச் சொல்ல அண்ணாச்சிக்குச் சந்தர்ப்பமே கிடைக்கவில்லை. தூக்க வேண்டிய கையெல்லாம் நிலையில் இருந்தது.

டிசம்பர் 8, திங்கள்

உள்ளங்கை கொப்புளம். மகன் கூப்பிட்டான். யாரோ சொல்லியிருக்கிறார்கள். அப்பா போனதை என் வாயால் முதலிலிருந்து சொல்லச் சொன்னான். சொன்னேன்.

டிசம்பர் 12, வெள்ளி

சுவரை இடித்த கல்லையெல்லாம் சாய்தளத்துக்கு அடியில் போட்டு நிரப்பச் சொன்னேன். கையிலிருக்கிற சிமெண்ட் கொஞ்சம்தான், இனி வரும் என்ற நிச்சயம் இல்லை. பொன்னுலிங்கம் அன்றைக்குப் போனவன் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. தரமாட்டேன் என்றால் கையேந்த மாட்டேன், வருஷம் ஆனாலும் ஆகட்டும். சாராள் தினமும் வந்து வேலையை மேற்பார்வை பார்க்கிறாள். என்னிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. “சரிவு இன்னும் கொஞ்சம் சாவகாசமா இருக்கணும், என் காலுக்கு இது ஆவாது” என்று மிக்கேலை ஒரு தடவை உடைத்துத் திரும்பப் போட வைத்தாள்.

டிசம்பர் 18, வியாழன்

மார்கழி மூன்று. ஊரில் யாரும் நிலை வைக்காத மாசம். முதல் மாடியில் முதல் வீட்டுக்கு இன்று நிலை வைத்தோம். அதே தேக்குதான், குறுக்குக் கட்டையை மட்டும் நீளமாக மாற்றி, அகலத்தைக் கூட்டி வாங்கினோம். மஞ்சள் பூசியது அத்தனை பேரும் நாங்கள்தான். எனக்கு எத்தனையோ நாள் கழித்து விரலில் மஞ்சள் ஒட்டியது, கழுவப் பிடிக்கவில்லை. சாராள் பைபிளிலிருந்து ஒரு சங்கீதம் சொன்னாள். மிக்கேல் ஒதுங்கி நின்றான், கடைசியில் அவனே வந்து ரசமட்டம் பிடித்தான்.

வேலை முடிந்து தூண்களுக்கு நடுவில் வந்து நின்றபோது பொன்னுலிங்கம் வந்தான். கார் இல்லை, நடந்து வந்திருந்தான். மேலே போட்டிருந்த சாய்தளத்தைத் தலையை நிமிர்த்திப் பார்த்தான்.

“சிமெண்டு நாளைக்கு வந்துரும்க்கா.”

சரி என்றேன். போகாமல் நின்றான்.

“எங்க வீட்டு நெலைய அளந்து பாத்தேன்” என்றான். “அம்மை கட்டிலையும் அளந்தேன். அன்னைக்கு மண்டி ஆளுக இருந்ததால அப்படியே அள்ளித் தூக்கிட்டுப் போயிட்டோம். இப்ப அவனுகளும் திருப்பூருக்குப் போயிட்டானுவ. வீட்டுல தூக்குறதுக்கு நானும் எம் பொஞ்சாதியுந்தான்.”

அவனுக்கு என்ன வேண்டும் என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் அவன் வாயால் வரட்டும் என்று காத்திருந்தேன்.

“மேல ஒரு வீடு எங்கம்மைக்குக் கெடைக்குமாக்கா?”

ஊரிலேயே பெரிய வீட்டுக்காரன். என் மகன் வயசுகூட இருக்காது அவனுக்கு. கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலத்தான் இருந்தது.

“வீடு வேணும்னா எல்லாரையும் போல வரிசையில வா” என்றேன். “வீடு கெடைக்கிறது பெறவு. தண்ணி வந்தா நீ எங்கயும் கேட்டுக்கிட்டு நிக்காத. நேரா அம்மைய ஏத்திக் கொண்டு வந்துரு. எங்க வாசல்ல கட்டில் முழுசா நொழையும்.”